வெளிநாடு போகிறவரின் காகிதங்கள் வீட்டில் இருக்கட்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வெளிநாட்டில் வேலை செய்யும் நம் பகுதிக்காரர்களைப் பற்றிய செய்திகள் நாளிதழ்களில் பெரும்பாலும் இரண்டு சமயங்களில்தான் இடம்பெறுகின்றன. ஏஜென்டிடம் பணம் கட்டி ஏமாந்தவர்கள் சத்துவாச்சாரியில் ஆட்சியர் அலுவலகத்துக்குத் திங்கட்கிழமை மனுவோடு வரும்போது ஒரு முறை. சென்னை விமான நிலையத்துக்கு உடல் வந்து சேரும்போது இன்னொரு முறை. இவ்விரண்டுக்கும் நடுவில் கழிகிற பத்து, பதினைந்து ஆண்டுகளில், ஊரில் இருக்கும் மனைவிக்கும் தாய்க்கும் என்னென்ன தெரிந்திருக்க வேண்டும் என்பதைப் பற்றி யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை. குடியாத்தத்தில் வங்கிக் கிளையொன்றில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்து ஓய்வு பெற்று, இப்போது அக்கம்பக்கத்தாருக்குப் படிவம் நிரப்பிக் கொடுத்துக்கொண்டிருப்பவன் என்ற முறையிலும், என் குடும்பத்திலேயே பட்டுத் தெரிந்துகொண்டவன் என்ற முறையிலும் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

பேரணாம்பட்டில் வசிக்கும் என் தங்கையின் மகன், தோல் தொழிற்சாலை வேலையை விட்டுவிட்டுச் சவுதி அரேபியாவுக்குக் கட்டட வேலைக்குப் போனான். போன இரண்டாம் ஆண்டு, சாரத்திலிருந்து விழுந்து இடுப்பெலும்பு முறிந்து மருத்துவமனையில் கிடந்தான். அது எங்களுக்குத் தெரிய வந்தது பதினொரு நாட்களுக்குப் பிறகு. அதுவரை அவனுடைய கைப்பேசி அணைந்தே இருந்தது. அனுப்பி வைத்த ஏஜென்டும் எடுக்கவில்லை. கம்பெனியின் பெயரைக் கேட்டபோது என் தங்கை சொன்ன பதிலை நான் மறக்கவில்லை: "அல்லுன்னு ஆரம்பிக்கும்ணா, அதுக்கு மேல தெரியலை." அந்த நாட்டில் 'அல்' என்று தொடங்காத கம்பெனிகளை எண்ணிவிடலாம். இக்காமா எனப்படும் சவுதிக் குடியிருப்பு அனுமதி அட்டையின் எண் தெரியாது, எந்த ஊர் என்பது தெரியாது, ஒப்பந்தத்தின் நகல் இல்லை. வெளியுறவு அமைச்சகம் 2015-இல் தொடங்கிய 'மதத்' இணையதளத்தில் புகாரைப் பதியலாம் என்று உட்கார்ந்தால், கடவுச்சீட்டு எண்கூட வீட்டில் இல்லை. பேருந்து நிலையத்துக்கு அருகில் உள்ள பிரௌசிங் சென்டரில், மூன்று ஆண்டுகளுக்கு முன் ஸ்கேன் செய்த அவனது கடவுச்சீட்டு அந்தக் கணினியில் அழிக்கப்படாமல் இருந்ததால்தான் எண் கிடைத்தது. வாடிக்கையாளரின் ஆவணத்தை இப்படி வைத்திருப்பது பெரும் ஆபத்து என்று வேறொரு நாளில் நானே அந்தக் கடைக்காரரிடம் சண்டை போட்டிருப்பேன். அன்றைக்குக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வந்தேன்.

புகார் பதிந்த பிறகு தூதரகத்திலிருந்து பதில் வந்தது, பையனும் பிழைத்தான். ஆயினும் அவனுக்கு என்ன உரிமை இருந்தது என்பதை நாங்கள் ஒவ்வொன்றாக, அதுவும் காலம் கடந்து, அறிந்துகொண்டோம். வெளிநாட்டுத் தொழிலாளர்களின் வேலையிட விபத்துக்கென்று சவுதியில் முதலாளியே ஊதியத்தில் 2 சதவீதத்தைச் சமூகக் காப்பீட்டுக்குக் கட்ட வேண்டும் என்பதை, அவன் அறையில் தங்கியிருந்த வாணியம்பாடிக்காரர் சொல்லித்தான் தெரிந்துகொண்டோம். ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை நண்பகல் 12 மணியிலிருந்து 3 மணி வரை வெட்டவெளியில் வேலை வாங்கக் கூடாது என்று அந்நாட்டு அரசே தடை விதித்திருப்பதும் அப்போதுதான் தெரிந்தது. அவன் விழுந்தது ஜூலை மாதம், மதியம் ஒன்றரை மணிக்கு.

இந்திய அரசின் காப்பீடு என்னவாயிற்று என்று கேட்பவர்களுக்காக ஒரு விஷயத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. பத்தாம் வகுப்புத் தேர்ச்சி பெறாதவர்கள், வளைகுடா நாடுகளும் மலேசியாவும் உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக வேண்டுமானால், 1983-ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி அனுமதி பெற வேண்டும். அவர்கள் வைத்திருப்பதைத்தான் நம் ஊரில் ஈசிஆர் பாஸ்போர்ட் என்கிறோம். அந்த அனுமதியோடு 'பிரவாசி பாரதிய பீமா யோஜனா' என்ற காப்பீடும் கட்டாயம். இரண்டு ஆண்டுகளுக்கு 275 ரூபாய், மூன்று ஆண்டுகளுக்கு 375 ரூபாய் என்ற சொற்பப் பிரீமியத்தில், விபத்தில் இறந்தாலோ நிரந்தரமாக ஊனமுற்றாலோ 10 லட்சம் ரூபாய் கிடைக்க வழி செய்யும் திட்டம் அது. பத்தாவது தேறியவர்களுக்கு இந்த அனுமதியே தேவையில்லை என்பதால், அந்தக் கட்டாயமும் இல்லை. என் தங்கை மகன் பத்தாவது தேறியவன். ஈசிஎன்ஆர், அதாவது அனுமதி தேவைப்படாத பாஸ்போர்ட், கிடைத்துவிட்டது, இனி எந்த அலைச்சலும் இல்லை என்று அன்று வீட்டில் எல்லோருக்கும் இனிப்புக் கொடுத்தார்கள். படித்தவனுக்கு அலைச்சல் இல்லை என்பது உண்மைதான், பாதுகாப்பும் இல்லை என்பதை யாரும் சொல்லவில்லை. விசிட் விசாவில் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்று கிளம்புகிறவர்களின் நிலைமை இதைவிட மோசம்; ஒப்பந்தமே இல்லாமல் போகிறவருக்காக யார் எதைக் கேட்க முடியும்?

ஏஜென்டுகளைப் பற்றி நிறைய எழுதியாகிவிட்டது என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். பதிவு பெற்ற ஏஜென்ட் ஒருவர் தொழிலாளியிடம் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்தின் உச்சவரம்பு 30,000 ரூபாயும் அதற்குரிய ஜிஎஸ்டியும் மட்டுமே. பதிவு பெற்றவர்களின் பட்டியலை 'இ-மைக்ரேட்' இணையதளத்தில் எவரும் பார்க்கலாம். சப் ஏஜென்ட் என்று ஒருவரைச் சட்டம் ஏற்கவே இல்லை; ஆனால் நம் பக்கத்தில் பணம் வாங்குவதெல்லாம் அந்தச் சப் ஏஜென்ட்தான், ரசீதும் கொடுக்கமாட்டார். தாய்லாந்தில் டேட்டா என்ட்ரி வேலை என்று அழைத்துப்போய் மியான்மர் எல்லையில் இணைய மோசடி நடக்கும் வளாகங்களில் அடைத்துவைக்கும் கொடுமையும் சேர்ந்துகொண்டிருக்கிறது. 2025 மார்ச் மாதத்தில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட இந்தியர்களை விமானப்படை விமானங்களில் மீட்டு வர வேண்டியிருந்தது. கணினி படித்த பிள்ளைகளைப் பெற்றவர்கள் இதை மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

இனி எனக்குத் தெரிந்த தொழிலுக்கு வருகிறேன். வேலைக்காக வெளிநாடு போனவர், ஊரில் வைத்திருந்த சாதாரணச் சேமிப்புக் கணக்கை அப்படியே நடத்தக் கூடாது. அந்நியச் செலாவணிச் சட்டப்படி அதை என்ஆர்ஓ கணக்காக மாற்ற வேண்டும். அங்கே சம்பாதிப்பதை அனுப்புவதற்கு என்ஆர்இ கணக்கு இருக்கிறது. என்ஆர்இ வட்டிக்கு இங்கே வருமான வரி கிடையாது; என்ஆர்ஓ வட்டியில் 30 சதவீதமும் அதன் மேல் செஸ்ஸும் பிடித்தம் செய்வார்கள். இதெல்லாம் வங்கியில் கேட்டாலே சொல்வார்கள். யாரும் கேட்காத ஒன்று உண்டு. கணவர் ஏடிஎம் அட்டையையும் அதன் ரகசிய எண்ணையும் மனைவியிடம் கொடுத்துவிட்டுப் போய்விடுகிறார், அவரும் பல ஆண்டுகள் அதிலேயே எடுத்துக்கொண்டிருக்கிறார். கணக்கு வைத்திருப்பவர் இறந்துபோனால் அந்த அட்டையில் பணம் எடுப்பது குற்றமாகிவிடும் என்பதும், நியமனதாரர் (நாமினி) இல்லையென்றால் வாரிசுச் சான்றிதழுக்கு மாதக்கணக்கில் அலைய வேண்டும் என்பதும் அந்தப் பெண்ணுக்கு அன்றைக்குத்தான் தெரிகிறது. என்ஆர்இ கணக்கில் இங்கே வசிக்கும் நெருங்கிய உறவினரை, முதலாமவரின் காலத்துக்குப் பிறகு உயிரோடிருக்கும் மற்றவருக்கு உரிமை வரும் என்ற அடிப்படையில் கூட்டாகச் சேர்க்கலாம். அல்லது உள்ளூர்ச் செலவுகளுக்குப் பணம் எடுக்க மனைவிக்கு முறையாக அதிகாரக் கடிதம் கொடுக்கலாம். 2025 நவம்பர் 1 முதல் ஒரு கணக்குக்கு நான்கு பேர் வரை நியமிக்க முடியும். விடுமுறையில் வரும்போது வங்கியில் ஒரு அரை மணி நேரம் செலவிட்டால் முடிகிற வேலை இது. கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்கென்று மறக்காமல் விடுப்பு வாங்கிக்கொண்டு வருகிறவர்கள், மறுநாள் காலையில் வங்கிப் பக்கம் வரலாகாதா என்று கவுண்டரில் உட்கார்ந்திருந்த காலத்தில் நினைத்துக்கொள்வேன்.

நூற்றுக்கு ஐம்பது காசு கூடக் கிடைக்கிறது என்பதற்காக உண்டியலில், அதாவது வங்கி வழியாக இல்லாமல் ஹவாலாக்காரர் மூலம், பணம் அனுப்புகிறவர்களிடமும் ஒரு சொல். சட்டப்படி தவறு என்பது ஒருபுறம் இருக்கட்டும். அப்படி வரும் பணம் முன்பின் தெரியாத ஒருவருடைய கணக்கிலிருந்து வீட்டுக் கணக்கில் விழுகிறது. அது யாரிடமோ மோசடி செய்த பணமாக இருந்தால், வேறொரு மாநிலத்துச் சைபர் கிரைம் போலீஸார் கணக்கை முடக்கச் சொல்லிவிடுகிறார்கள். பிள்ளையின் கல்லூரிக் கட்டணம் கட்டும் வாரத்தில் கணக்கு முடங்கி, எந்த ஊர்க் காவல் நிலையத்துக்கு எழுதுவது என்று தெரியாமல் நின்ற ஒரு தாய்க்கு நான் மனு எழுதிக் கொடுத்திருக்கிறேன். பாலாற்றங்கரையில் தென்னந்தோப்பு வாங்கிப் போடுகிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும்: வெளிநாடுவாழ் இந்தியர் தம் பெயரில் விவசாய நிலம் வாங்க இயலாது. பரம்பரையாக வருவதற்குத் தடையில்லை, வீட்டு மனைக்கும் தடையில்லை. தரகர்கள் இதைச் சொல்வதில்லை.

உடல்நலத்துக்கு வருவோம். எங்கெங்கோ உள்ளவர்கள், வங்காளதேசத்திலிருந்துகூட, மருத்துவத்துக்காக வேலூருக்கு வந்து அறை எடுத்துத் தங்கிக் காத்திருக்கிறார்கள். இந்த ஊரிலேயே பிறந்து வளைகுடாவில் வேலை செய்பவரோ, முப்பது நாள் விடுப்பில் இரண்டு கல்யாணம், ஒரு காதுகுத்து, வீட்டு அஸ்திவாரம் என்று ஓடிவிட்டு, ரத்தப் பரிசோதனைகூடச் செய்துகொள்ளாமல் விமானம் ஏறுகிறார். கடும் வெயிலில் போதிய தண்ணீர் இல்லாமல் ஆண்டுக்கணக்கில் உழைப்பவரின் சிறுநீரகம் வலியே காட்டாமல் பழுதாகக்கூடும். சர்க்கரை, ரத்த அழுத்தம், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் ஆகிய மூன்றையும் பார்க்க ஒரு காலைப்பொழுது போதும். ஐக்கிய அரபு அமீரகத்தில் தனியார் நிறுவன ஊழியர்கள் அனைவருக்கும் முதலாளியே மருத்துவக் காப்பீடு எடுக்க வேண்டும் என்பது 2025 ஜனவரி 1 முதல் எல்லா அமீரகங்களிலும் கட்டாயம். அந்த அட்டையின் இருபுறத்தையும் படமெடுத்து வீட்டுக்கு அனுப்பிவைக்க வேண்டும்.

பெட்டி கட்டுகிற பெண்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. நாம் குருமாவுக்கு அரைத்து ஊற்றும் கசகசா, அமீரகத்திலும் சவுதியிலும் தடை செய்யப்பட்ட பொருள். மசாலாப் பொட்டலத்தோடு அது போனால் மகன் சிறைக்குப் போக நேரிடும். டிரமடால் போன்ற வலி மாத்திரைகளும், தூக்கத்துக்கும் பதற்றத்துக்கும் கொடுக்கும் சில மாத்திரைகளும் அங்கே கட்டுப்பாட்டில் உள்ளவை. மருத்துவரின் சீட்டு இருந்தாலும் அந்நாட்டில் முன்னனுமதி தேவைப்படலாம். பக்கத்து வீட்டார் தரும் பொட்டலத்தைப் பிரித்துப் பார்க்காமல் வாங்கக் கூடாது. பிரித்தால் கோபித்துக்கொள்வார்கள் என்றால் கோபித்துக்கொள்ளட்டும்.

2024 ஜூன் 12 அன்று குவைத்தின் மங்காஃப் பகுதியில் தொழிலாளர் குடியிருப்பு தீப்பற்றியதில் குறைந்தது 45 இந்தியர்கள் உயிரிழந்தார்கள். அவர்களில் ஏழு பேர் தமிழர்கள். புகையில் மூச்சுத் திணறி இறந்தவர்களே அதிகம். தங்கியிருக்கும் கட்டடத்தில் எத்தனை படிக்கட்டுகள், எந்தக் கதவு பூட்டியிருக்கிறது என்பதை, தொலைபேசியில் பேசும்போது 'சாப்பிட்டாயா' என்று கேட்பதோடு சேர்த்து ஒருநாள் கேட்டுவைக்கலாம்.

என் கோரிக்கை இதுதான். தமிழக அரசு 2011-லேயே அயல்நாடு வாழ் தமிழர் நலனுக்காகச் சட்டம் இயற்றியிருக்கிறது. தனி ஆணையரகமும் நல வாரியமும் இருக்கின்றன. ஜனவரி 12-ஐ அயலகத் தமிழர் தினமாகச் சென்னையில் கொண்டாடுகிறார்கள். அந்த வாரியத்தின் பெயரில் பேரணாம்பட்டு, குடியாத்தம் வட்டாட்சியர் அலுவலகங்களில் மாதம் ஒருநாள் ஒரு மேசை போட்டு, போகிறவரை மட்டும் அழைக்காமல் அவருடைய மனைவியையோ தாயையோ உடன் வரச் சொல்லி, கடவுச்சீட்டு, விசா, ஒப்பந்தம், காப்பீட்டு எண், முதலாளியின் முழுப் பெயரும் முகவரியும், உடன் தங்கியிருக்கும் இருவரின் கைப்பேசி எண், தூதரகத்தின் எண் ஆகியவற்றை ஒரே உறையில் போட்டு அவர்கள் கையில் கொடுத்தனுப்ப மாவட்ட ஆட்சியர் ஏற்பாடு செய்ய வேண்டும். போகிறவருக்குப் புறப்படும் முன் ஒருநாள் பயிற்சி என்று ஒன்று இருக்கிறது. விபத்து நடந்த பிறகு அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கப் போவது அவரல்லவே. பேரணாம்பட்டிலிருந்து ஒரு தாய் சத்துவாச்சாரிக்குப் பேருந்து பிடித்து வந்து, தன் மகன் எங்கே வேலை செய்கிறான் என்பதை அதிகாரியிடம் சொல்லத் தெரியாமல் அழுதுகொண்டிருக்கக் கூடாது.

அரசு செய்யும் வரை காத்திராமல், இந்த விவரங்களை எழுதிவைக்க ஒரு படிவத்தை நானே தயாரித்து எங்கள் தெருவில் கொடுத்து வருகிறேன். என் தங்கை அதை நிரப்பிக் குடும்ப அட்டையோடு பீரோவில் வைத்திருக்கிறாள். கம்பெனியின் பெயரை 'அல்' என்பதோடு நிறுத்தாமல் முழுதாக எழுதியிருக்கிறாள். படிவத்தின் நகலை இத்துடன் இணைத்துள்ளேன். தங்கள் நாளிதழில் வெளியிடுவதாக இருந்தால் கால் பக்கம் போதும். வெட்டி எடுத்து வைத்துக்கொள்வதற்கு வசதியாக, அதன் பின்பக்கத்தில் விளம்பரம் மட்டும் வரும்படி பார்த்துக்கொண்டால் நன்றியுடையவனாவேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வங்கி ஊழியர் ஒருவர்,
குடியாத்தம், வேலூர் மாவட்டம்.