மஞ்சளாகும் சைப்ரஸ் கன்றுக்கு யூரியா மருந்தா?

ஆசிரியருக்கு வணக்கம்.

மழை ஓய்ந்ததும் கொடைக்கானல் மேல்மலைப் பகுதியில் வேலியோரச் சைப்ரஸ், பைன் கன்றுகள் மஞ்சளாகின்றன. உடனே தூருக்கு ஒரு கைப்பிடி யூரியா விழுகிறது. யூரியாவில் 46 சதவீதம் தழைச்சத்து (நைட்ரஜன்) இருப்பது உண்மைதான். ஆனால் நம் மலையின் கறுத்த மேல்மண்ணிலும் தழைச்சத்துக்குப் பஞ்சமில்லை. மட்கோடு கட்டுண்டு கிடக்கிறது. வேர் அதை எடுக்க முடியாமல் போவதுதான் பல இடங்களில் கோளாறு.

முதலில் எந்த இலை வெளுக்கிறது என்று பாருங்கள். அடிப்பக்கத்துப் பழைய இலைகள் என்றால் தழைச்சத்துக் குறை. பழையதிலிருந்து உருவித்தான் கன்று தளிருக்குக் கொடுக்கிறது. தளிர் மட்டும் வெளுத்தால் பெரும்பாலும் இரும்புச்சத்துக் குறை. சிமெண்டுக் கழிவு கொட்டி மண் காரமாகிப்போன கட்டட மனைகளில் இது சகஜம். அங்கே யூரியா வீண்.

அடுத்தது வடிகால். ஒரு அடி அகலம், ஒன்றரை அடி ஆழத்தில் குழி வெட்டித் தண்ணீர் நிரப்புங்கள். வடிந்ததும் மறுபடி நிரப்புங்கள். மறுநாள் காலையிலும் தண்ணீர் நின்றால், அல்லது மண் சாம்பல் நீலமாகி அழுகல் வாடை வீசினால், வேருக்குக் காற்று இல்லை. காற்றில்லாத வேர் சத்தை இழுக்காது. மண்ணில் நைட்ரேட் வடிவில் உள்ள தழைச்சத்தும் வாயுவாகிப் போய்விடும். படிக்கட்டு வயல்களில் மேல்வரப்பின் அடியை ஒட்டிய உள்ளோரத்தில்தான் இந்த ஊற்றுநீர் தேங்கும். மேல்பக்கம் ஒரு வடிகால் வெட்டி, ஒரு அடி உயர மேட்டில் நட்டால் பாதிப் பிரச்சினை தீரும். பாலித்தீன் பையைக் கிழிக்காமல் நடுவோரைப் பற்றி என்ன சொல்ல!

கேரட்டுக்கும் பூண்டுக்கும் போடுகிற சுண்ணாம்பை இந்தக் கன்றுகளுக்கும் போடுவது பெரிய தவறு. சைப்ரஸ், பைன் போன்ற ஊசியிலை மரங்கள் பெரும்பாலும் நைட்ரேட்டைவிட, தழைச்சத்தின் இன்னொரு வடிவமான அம்மோனியத்தை எளிதாக எடுப்பவை. அமில மண்ணில் அம்மோனியம் நைட்ரேட்டாக மாறுவது மெதுவாகவே நடக்கும். அது அவற்றுக்கு வசதி. சுண்ணாம்பு போட்டால் அந்த மாற்றம் வேகமெடுக்கும், நைட்ரேட்டை மழை அடித்துக்கொண்டு போகும்.

உரம் தேவைதான் என்று தெரிந்தால் அம்மோனியம் சல்பேட் போடுங்கள். 25 கிராமில் சுமார் 5 கிராம் தழைச்சத்து இருக்கும். இரண்டு வயதுக் கன்றுக்கு அதை இரண்டாகப் பிரித்து, தண்டிலிருந்து ஒரு சாண் தள்ளி, ஈர மண்ணில் கொத்திவிட வேண்டும். தூரில் குவித்த யூரியா அம்மோனியாவாகி வேரைக் கருக்கும். உறைபனி மாதங்களில் எந்த உரமும் வேண்டாம். குளிர்ந்த மண்ணில் வேர் மந்தமாக இருக்கும். கோடை மழைக்குக் காத்திருங்கள்.

பச்சை மரத்தூளை மண்ணில் கலப்பதும் வினைதான். அதை மட்கவைக்கும் நுண்ணுயிர்கள் கன்றுக்கு முன்பே தழைச்சத்தைப் பிடித்துக்கொள்ளும். மூடாக்காக மேலே பரப்பினால் அவ்வளவு கெடுதல் இல்லை.

சாலை வெட்டிய செம்மண்ணில் வளர்க்கும் பைன் நாற்றுக்கு, வேரோடு சேர்ந்து வாழ்ந்து சத்தை எடுத்துக்கொடுக்கும் வேர்ப்பூஞ்சையும் கிடைக்காது. வளர்ந்த பைன் மரத்தடி மண்ணைப் பைக்கலவையில் பத்தில் ஒரு பங்கு சேர்த்தால் போதும். சைப்ரஸுக்கு வேறு வகைப் பூஞ்சை. அதற்கு இந்த மண் உதவாது. எதுவானாலும் புல்வெளி ஓரத்தில் பைன் நடாதீர்கள், விதை பறந்து அங்கேயும் முளைத்துவிடும்.

– நாற்றங்கால் பணியாளர்கள் சிலர், கொடைக்கானல்