பப் வரலாம், நிபந்தனைகளோடு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தமிழ்க் குடும்பங்கள் நெருக்கமாக வாழும் வீதிகளில் பப் எனப்படும் மது அருந்தகம் திறக்க கவுன்சில் (உள்ளூராட்சி சபை) எந்தக் காரணம் கொண்டும் அனுமதி கொடுக்கக் கூடாது என்று சென்ற இதழில் ஒரு வாசகர் எழுதியிருந்தார். அவருடைய கவலை எனக்கு நன்றாகப் புரிகிறது. எங்கள் வீதி முனையில் மூடிக் கிடந்த கடையிலும் சிறிய பப் ஒன்று வரப்போகிறது. அதன் மேல்மாடியில் கைக்குழந்தையோடு ஒரு குடும்பம் இருக்கிறது. ஆனால் ‘வேண்டாம்’ என்று மட்டும் எழுதி அனுப்பினால் அந்தக் குழந்தையின் தூக்கத்துக்கு எந்தப் பாதுகாப்பும் கிடைக்காது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் மது விற்பனைக்கான அனுமதி 2003ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி கொடுக்கப்படுகிறது. முன்பு நீதவான்களிடம் இருந்த அதிகாரம் 2005 நவம்பரில் கவுன்சில்களிடம் முழுமையாக வந்தது. குற்றமும் குழப்பமும் வராமல் தடுப்பது, பொதுமக்களின் பாதுகாப்பு, பொதுத்தொல்லை வராமல் தடுப்பது, பிள்ளைகளுக்குத் தீங்கு நேராமல் காப்பது ஆகிய நான்கு நோக்கங்களை வைத்துத்தான் கவுன்சில் முடிவெடுக்கலாம். குடி குடும்பத்தைக் கெடுக்கும், எங்கள் சமயத்துக்கு ஆகாது, வீட்டு விலை விழுந்துவிடும், இங்கே இன்னொரு பப் எதற்கு என்றெல்லாம் எழுதினால் எதுவும் எடுபடாது. எங்கள் சனங்களின் ஆட்சேபனைகளில் பாதிக்கு மேல் இப்படித்தான் இருக்கின்றன. ஒரே கடிதத்தைப் பிரதி எடுத்து ஆளாளுக்குக் கையெழுத்துப் போட்டு அனுப்புகிறோம், பிறகு கவுன்சில் எங்களை மதிக்கவில்லை என்று வருத்தப்படுகிறோம்.

இதைவிடப் பெரிய இழப்பு, ஒன்றுமே எழுதாமல் விடுவது. விண்ணப்பம் போட்டவர் அந்தக் கட்டடத்தில் வெளிர்நீலத் தாளில் ஓர் அறிவித்தலை 28 நாட்களுக்கு ஒட்டி வைக்க வேண்டும். அந்த 28 நாட்களுக்குள் பொலிஸோ, சுற்றுச்சூழல் சுகாதார அதிகாரியோ, அயலவரோ எவரும் எழுதவில்லை என்றால், கேட்டபடியே அனுமதியைக் கொடுக்க வேண்டியதுதான். கவுன்சிலுக்கு வேறு வழியில்லை. இரவு ஒரு மணி வரை என்று கேட்டிருந்தால் ஒரு மணி வரைதான். ஒருவர் சரியான காரணத்தோடு எழுதினாலே போதும், அவர் அதை மீளப் பெறாதவரை, கவுன்சிலர்கள் விசாரணை வைத்துத்தான் முடிவெடுப்பார்கள். 2011இல் சட்டத்தைத் திருத்தியதிலிருந்து, பக்கத்து வீட்டில்தான் குடியிருக்க வேண்டும் என்றுகூட இல்லை.

சரி, என்ன எழுதுவது? சத்தம் எங்கிருந்து வருகிறது என்று முதலில் பார்க்க வேண்டும். இந்தச் சிறிய பப்களில் தொல்லை பெரும்பாலும் உள்ளே இருந்து வருவதில்லை. கென்ட் மாவட்டத்தில் ஹேர்ன் என்ற ஊரில், பழைய இறைச்சிக் கடை ஒன்றில் மார்ட்டின் ஹில்லியர் என்பவர் 2005இல் தொடங்கியதுதான் இந்த வகையில் முதலாவது. பாட்டு இல்லை, சூதாட்ட மெஷின் இல்லை. பியரைக் குடித்துக்கொண்டு கதைத்துக்கொண்டிருப்பதற்கான சின்ன அறை. அதைப் பார்த்துத்தான் மூடிய பூக்கடை, தபாற்கந்தோர் என்று ஊருக்கு ஊர் முளைத்தன. நல்ல முறையில் நடத்தினால் இப்படி ஒரு இடம் வீதிக்கு உயிர் கொடுக்கும் என்று நான் நம்புகிறேன். தனியாக வாழும் வயதானவர்கள் நாலு பேரோடு பேசப் போகிற இடமாகவும் அது இருக்கிறது.

தொல்லை வாசலில்தான். 2007 ஜூலையில் உள்ளே புகைபிடிக்கத் தடை வந்தபின், சிகரெட்டோடு எல்லோரும் நடைபாதைக்கு வந்துவிட்டார்கள். இரவு பத்தரைக்கு யன்னலுக்குக் கீழே நான்கு பேர் சிரித்துக் கதைத்தால் மேலே இருப்பவருக்கு ஒவ்வொரு சொல்லும் கேட்கும். அப்புறம் பூட்டும் நேரத்தில் வெறும் போத்தல்களைத் தொட்டியில் கொட்டும் சத்தம், விடியற்காலையில் பீப்பாய் இறக்கும் சத்தம், பாதாள அறையைக் குளிரவைக்கும் இயந்திரத்தின் ஓயாத இரைச்சல். இவை ஒவ்வொன்றுக்கும் நிபந்தனை கேட்கலாம். இரவு ஒன்பதுக்குப் பிறகு வெளியே கிளாஸோடு நிற்கக் கூடாது. புகைபிடிக்க ஒரே நேரத்தில் இத்தனை பேர்தான். போத்தல் கொட்டுவது காலை எட்டு மணிக்குப் பிறகு. அயலவர் அழைத்தால் எடுப்பதற்கு ஒரு தொலைபேசி இலக்கம். எண்ணும் நேரமும் போட்டு, எவரும் சரிபார்க்கக் கூடிய வகையில் கேளுங்கள். ‘சத்தம் வராமல் பார்த்துக்கொள்ளவும்’ என்று பொதுவாக எழுதிய நிபந்தனையை வைத்து பிறகு எதையும் நிரூபிக்க முடியாது.

பாட்டு விடயத்தில் மட்டும் கவனம் தேவை. 2012ஆம் ஆண்டு நேரடி இசைச் சட்டமும் அதற்குப் பின் 2015இல் வந்த தளர்வுகளும் சேர்ந்து, பப் திறந்திருக்கையில் காலை எட்டு மணியிலிருந்து இரவு பதினொரு மணி வரை, 500 பேருக்கு மேற்படாத கூட்டத்துக்கு இசை வைக்கத் தனி அனுமதி தேவையில்லை என்று ஆக்கிவிட்டன. அந்த நேரத்தில், மது அனுமதிப்பத்திரத்தில் இசை பற்றி எழுதிய நிபந்தனைகளும் செல்லாது. பிற்பாடு முறைப்பாட்டின் பேரில் அனுமதிப்பத்திரத்தை மீளாய்வு செய்து கவுன்சில் அவற்றைச் செல்லுபடியாக்கினால்தான் உண்டு. இது தெரியாமல், ‘ஸ்பீக்கர் கூடாது’ என்று நிபந்தனை வாங்கிய நிம்மதியில் இருந்துவிடுகிறோம்.

இந்த இடத்தில்தான் திட்ட அனுமதி, அதாவது கட்டடத்தின் பயன்பாட்டை மாற்றக் கவுன்சில் தரும் அனுமதி, உதவும். இங்கிலாந்தில் சாதாரணக் கடையைப் பப்பாக மாற்றத் திட்ட அனுமதியும் தனியாக எடுக்க வேண்டும். மது அனுமதியும் திட்ட அனுமதியும் ஒரே கவுன்சில்தான் என்றாலும் வேறு வேறு பிரிவுகள். ஒன்றுக்கு எழுதியது மற்றதற்குப் போகாது. மேல்மாடிக்கும் கடைக்கும் இடையில் ஒலித்தடுப்பு போடச் சொல்வதற்கு ஏற்ற இடம் திட்டப் பிரிவுதான். எங்கள் வீதியில் நான் கேட்டிருப்பதும் அதைத்தான்: திறப்பதற்கு முன் சீலிங்குக்கு ஒலித்தடுப்பு, அதைச் சோதித்த அறிக்கை. இது கட்டடச் செலவோடு ஒரே தடவையில் முடிகிற வேலை. திறந்தபின் கேட்டால் யாரும் செய்யப் போவதில்லை.

பப் நடத்த வருகிறவர்களிடமும் ஒன்று கேட்கிறேன். அறிவித்தலை ஒட்டும் முன்பே அயலவரின் கதவைத் தட்டுங்கள். எத்தனை மணிக்குப் பூட்டுவீர்கள், குப்பை எங்கே வைப்பீர்கள் என்று நீங்களே சொன்னால் பாதிப் பயம் அங்கேயே போய்விடும். நீங்கள் விண்ணப்பத்தில் எழுதிக் கொடுக்கும் உறுதிமொழிகள்தான் பிறகு அனுமதியின் நிபந்தனைகளாகின்றன. ஆகவே தாராளமாக எழுதுங்கள். எங்கள் பகுதியில் முன்பு ஒரு இடத்தை நடத்தியவர் எவரோடும் பேசாமல் திறந்தார். முறைப்பாடு சொல்லப் போனவர்களை எதிரிகளாகப் பார்த்தார். அந்தக் கசப்பு இன்னும் தீரவில்லை, புதிதாக வருகிறவரும் அதைச் சுமக்க வேண்டியிருக்கிறது.

நிபந்தனை மீறப்பட்டால் மீளாய்வு கேட்கலாம், அதற்குக் கட்டணம் இல்லை. திகதி, நேரம், என்ன சத்தம், எவ்வளவு நேரம் என்று குறித்து வைத்திருந்தால் கவுன்சிலர்கள் செவிகொடுப்பார்கள். மணித்தியாலத்தைக் குறைக்கவும் புதிய நிபந்தனை போடவும், மிஞ்சினால் அனுமதியையே பறிக்கவும் அவர்களுக்கு அதிகாரம் உண்டு. ஆனால் வாடிக்கையாளர்கள் வீதியைத் தாண்டிப் போனபின் போடும் சத்தத்துக்குப் பப்காரரைப் பொறுப்பாக்குவது கடினம். அது அவரவர் பொறுப்பு என்பதே அரசின் வழிகாட்டி சொல்வது. பூட்டும் நேரத்தை முன்னுக்குக் கொண்டுவர வேண்டும் என்று நான் வலியுறுத்துவது அதனால்தான். குடியிருப்பு வீதியில் பத்தரை போதும்.

ஆசிரியர் அவர்களே, ஆங்கிலத்தில் கடிதம் எழுதத் தயங்கும் பெற்றோர் எங்கள் மத்தியில் நிறையப் பேர் இருக்கிறார்கள். நீலத் தாளில் என்ன இருக்கும், அதற்குப் பதில் எழுதும்போது எவற்றைச் சேர்க்கலாம் என்பதைத் தமிழில் ஒரு பக்கமாகப் போட்டு, வெட்டி எடுத்து வைத்துக்கொள்ளும் வகையில் வெளியிடுவீர்களா? எழுதித் தர நான் ஆயத்தமாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
வடமேற்கு லண்டன்