பட்டாயா டிக்கெட்டும் நாலு மாத்திரையும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 26 ஆண்டுகள் மெடிக்கல் ரெப்பாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். மருந்து நிறுவனங்களின் செலவில் டாக்டர்கள் போகும் உல்லாசப் பயணங்களைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு மருந்துக்கடை வாசல்தான் ஞாபகம் வருகிறது.

2007-இல் எங்கள் ஏரியாவிலிருந்து ஐந்து டாக்டர்களைக் குடும்பத்தோடு பட்டாயா அனுப்பினோம். அழைப்பிதழில் 'கருத்தரங்கு' என்றிருந்தது. நாலு நாளில் அதற்கு ஒதுக்கியது ஒரு மணி நேரம். பாஸ்போர்ட் நகல் வாங்கியது, விசா படிவம் நிரப்பியது, வழியனுப்பியது எல்லாம் நான்தான். அவர்கள் திரும்பிய மறுவாரமே, எங்கள் மருந்தை எழுதுகிறார்களா என்று சீட்டுகளைப் பார்த்து எண்ணிவரச் சொல்லி மேனேஜர் என்னைக் கடை கடையாக அனுப்பினார். எழுதியிருந்தார்கள். அப்படி ஒரு கடையில் நின்றபோது, வயதான அம்மா ஒருவர் சீட்டை நீட்டி, பத்து மாத்திரை அட்டையில் நாலை மட்டும் கத்தரித்துத் தரச் சொன்னார். எங்கள் மாத்திரை. அதே மருந்து வேறு பெயரில், பாதி விலைக்கும் குறைவாக, அதே அலமாரியில் இருந்தது. நான் வாய் திறக்கவில்லை. இன்றும் உறுத்துகிறது.

விதிகள் வராமலில்லை. 2009 டிசம்பரிலேயே இந்திய மருத்துவக் கவுன்சில், டாக்டரோ குடும்பத்தாரோ மருந்து நிறுவனத்திடம் ரயில், விமான, கப்பல் டிக்கெட் எதுவும் பெறக்கூடாது என்றது. இத்தகைய இலவசங்களைத் தொழில் செலவாகக் காட்டி வருமான வரியில் கழிக்க முடியாது என்று 2022 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்தச் செலவு மருந்து விலையில் ஏறி நோயாளி தலையில்தான் விழுகிறது என்றும் சொன்னது. 2024 மார்ச்சில் மத்திய அரசின் மருந்துகள் துறை, மருந்து நிறுவனங்களுக்கான புதிய நடத்தை விதிகளை வெளியிட்டது. அதே ஆண்டு டிசம்பரில், 30 டாக்டர்களை 1.91 கோடி ரூபாய் செலவில் பாரிசுக்கும் மொனாக்கோவுக்கும் அனுப்பிய ஒரு நிறுவனத்தை அத்துறை கண்டித்தது. வெறும் கண்டனம் போதுமா?

அமெரிக்காவில் எந்த டாக்டர் எந்த நிறுவனத்திடம் எவ்வளவு பயணச் செலவு பெற்றார் என்பதை 2014 முதல் யாரும் இணையத்தில் பெயரைத் தேடிப் பார்க்கலாம். இங்கும் அப்படியொரு பதிவேட்டை அரசு சட்டமாகவே கொண்டுவர வேண்டும்.

பயணத்தை மறுத்தவர்களையும் பார்த்திருக்கிறேன். ஒருவர் நான் நீட்டிய படிவத்தைத் திருப்பித் தந்து, "சாம்பிள் இருந்தா வச்சிட்டுப் போப்பா, இல்லாதவங்களுக்குக் கொடுக்கிறேன்" என்றார். அவர் யார், மற்றவர்கள் யார் என்று நோயாளிக்கும் தெரியட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மருந்து விற்பனைப் பிரதிநிதி