தம்பி பிழைத்துவிட்டான், எல்லாருக்கும் நன்றி

தம்பி நன்றாக இருக்கிறான், மறுபடி கடலுக்கும் போக ஆரம்பித்துவிட்டான். போன் போட்டு விசாரித்த எல்லாருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்ல முடியவில்லை, அதனால்தான் இந்த மடல்.

விஷயம் தெரியாதவர்களுக்கு: மண்டபம் பக்கம் வலையிலிருந்து நண்டு கழற்றும்போது கூடவே சிக்கியிருந்த கூம்பு நத்தை ஒன்று அவன் விரலில் குத்திவிட்டது. உள்ளங்கைக்குள் அடங்கும் அளவு, பழுப்பு ஓட்டில் வெள்ளை வெள்ளையாக முக்கோணங்கள், ராமேஸ்வரம் சங்குக் கடையில் பார்த்தால் விலை கேட்கத் தோன்றும். தடித்த பக்கம் பிடித்தால் ஒன்றும் செய்யாது என்பார்கள், அப்படித்தான் பிடித்திருந்தான். அதெல்லாம் சும்மா. அதன் வாயிலிருந்து நீளும் தும்பிக்கை மாதிரியான குழாய் ஓட்டின் எந்தப் பக்கத்துக்கும் வளைந்து வரும், உள்ளே ஈட்டி மாதிரி ஒரு பல், அதன் துளை வழியாகத்தான் விஷம் ஏறுகிறது.

முதல் நன்றி சங்கு குளிக்கப் போகும் எங்கள் பெரியப்பாவுக்கு. கரையில் ஒருத்தர் பிளேடால் கீறு என்கிறார், இன்னொருத்தர் கயிறு போட்டு இறுக்கு என்கிறார், பெரியப்பா போட்ட ஒரு அதட்டலில் எல்லாரும் அடங்கினார்கள். தன் துண்டைக் கிழித்து விரலிலிருந்து தோள் வரை சுற்றி, கை அசையாமல் பலகைத் துண்டு வைத்துக் கட்டி, ரத்த ஓட்டம் நிற்கவில்லையே என்று நகத்தை அமுக்கி அமுக்கிப் பார்த்துக்கொண்டே வந்தார். உதடு மரத்துப்போச்சு என்று தம்பி சொன்னதும் எனக்குத்தான் கை கால் ஓடவில்லை.

அப்புறம் ஆஸ்பத்திரியில் இருந்த அந்த நர்ஸ் அக்கா. இதற்கு முறிவு மருந்து கிடையாது, மூச்சு விடும் தசை செயலிழப்பதுதான் ஆபத்து, விஷம் இறங்கும் வரை மூச்சைக் காப்பாற்றினால் ஆளைக் காப்பாற்றலாம் என்று என்னிடம் நேராகச் சொன்னார். வலி குறைந்துவிட்டது, வீட்டுக்குப் போகிறேன் என்று அவன் கிளம்பியும் விடவில்லை. ராத்திரி முழுக்க இமை தொங்குகிறதா, பேச்சு குழறுகிறதா என்று வந்து வந்து பார்த்தார்.

போட்டோ பார்த்து, குத்தியது 'கோனஸ் டெக்ஸ்டைல்' என்ற வகைக் கூம்பு நத்தை என்று சொன்ன கடல் உயிரியல் படிக்கும் தங்கைக்கும் நன்றி. இது பெரும்பாலும் மற்ற நத்தைகளைத் தின்கிற வகையாம், மனிதர்கள் இறந்ததில் பெரும்பாலானவை மீன் பிடித்துத் தின்னும் 'கோனஸ் ஜியோகிராபஸ்' குத்தியதால்தானாம். அதற்காக இதையும் லேசாக நினைக்காதீங்க என்று கையோடு ஒரு கொட்டும் வைத்தாள். இன்னொரு கூம்பு நத்தையின் விஷத்தைப் பார்த்து உருவாக்கிய சிகோனோடைட் என்ற வலி மருந்துக்கு 2004-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்ததையும் அவள்தான் சொன்னாள். அதைக் கேட்டு, "வலி மருந்தா? எனக்கு உயிர் போச்சே!" என்று கத்தினான் தம்பி. சரி, பிழைத்துக்கொள்வான் என்று அப்போதுதான் எனக்கு நம்பிக்கை வந்தது.

வேலைக்கு வராத நாளுக்கும் பங்கு கொடுத்த படகுக்காரருக்கு என்ன சொல்ல! ஆட்டோ ஓட்டி வந்த அண்ணே, காசும் வாங்கவில்லை, நம்பரும் தரவில்லை. பாம்பன் ஸ்டாண்ட் ஆள் என்று மட்டும் தெரியும். இதைப் பார்த்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வாங்க, அம்மா நண்டுக் குழம்பு வைக்கிறேன் என்கிறார்.