என் அப்பாவின் ரத்தத்தை ஏன் கேட்கவில்லை?

நரம்பு நோய்க்கு மரபணுப் பரிசோதனை எழுதித் தரும் மருத்துவர்களுக்கும், அதைச் செய்து தரும் ஆய்வகத்தாருக்கும் கடலூரிலிருந்து வணக்கம்.

என் மகனுக்கு 17 வயது. சார்கோ-மேரி-டூத் என்று சீட்டில் எழுதியிருக்கிறீர்கள்; கை கால் நரம்புகளைப் பாதித்துத் தசையைச் சூம்பவைக்கும் பரம்பரை நோய், அதை நான் உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. போன வாரம் அதே ரிப்போர்ட்டோடு மறுபடி வந்தோம், அதே பதில்தான் கிடைத்தது. எம்எஃப்என்-2 மரபணுவில் ஓர் எழுத்து மாறியிருக்கிறது, அதுதான் நோய்க்குக் காரணமா என்று சொல்ல முடியாது; இப்படி அர்த்தம் உறுதியாகாத மாற்றத்துக்கு நீங்கள் வைத்த பெயர் வி.யூ.எஸ். கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் இன்னொரு வரியும் இருந்தது. குடும்பத்தில் இதே பாதிப்பு உள்ளவர்களையும் சோதித்தால் தெளிவு கிடைக்கலாமாம். இந்த முறைதான் ஓர் இளம் டாக்டர் அதைப் படித்துச் சொன்னார். அப்பா இறந்து 7 மாதம் ஆகிவிட்டது.

மகனுக்கு ரத்தம் எடுத்த அன்று அப்பாவும் பேரன் தோளைப் பிடித்தபடி புதுச்சேரிக்கு பஸ்ஸில் வந்திருந்தார். தேவனாம்பட்டினத்தில் வலை பின்னியவர். 40 வயதுக்கு மேல் விரலில் பிடி போய்விட்டதால் முடிச்சைப் பல்லால் கடித்து இழுப்பார். மணலில் நடந்தால் செருப்பு கழன்று பின்னால் கிடக்கும், அவருக்கே தெரியாது, நான்தான் எடுத்துக்கொண்டு ஓடுவேன். இப்போது என் மகன் செருப்பும் அப்படித்தான் கழன்று கிடக்கிறது. ஊதா மூடிக் குழாயில் அவன் ரத்தம் இறங்கும்போது, அப்பா பக்கத்து பெஞ்சில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தார். அதே வளைந்த பாதம், அதே சூம்பிய கெண்டைக்கால். "வீட்டில் வேறு யாருக்காவது இருக்கா?" என்று கேட்டீர்கள், "தாத்தாவுக்கு" என்றோம், எழுதிக்கொண்டீர்கள். இன்னொரு குழாயை எடுத்திருந்தால் அவரே கையை நீட்டியிருப்பார்.

அவர் ரத்தம் மட்டுமே தீர்ப்பு சொல்லிவிடாது என்று எனக்குத் தெரியும். ஆனால் அந்த மாற்றம் அவரிடம் இருந்திருந்தால் ஒரு சாட்சி கூடியிருக்கும், இல்லாமல் போயிருந்தால் அதை ஓரமாக வைத்துவிட்டு வேறு இடத்தில் தேடியிருப்பீர்கள். மரபணு மாற்றம் நோய்க்குக் காரணமா என்று முடிவுசெய்ய நீங்கள் பின்பற்றும் 2015 அமெரிக்க வழிகாட்டுதலே குடும்பத்தில் நோயும் மாற்றமும் சேர்ந்து போகிறதா என்பதைச் சான்றாக எடுத்துக்கொள்கிறது. அதனால்தான் கேட்கிறேன்: நோயாளியின் ரத்தத்தை எடுக்கும்போதே, நோயுள்ள உறவினரின் ரத்தத்தையும் எடுத்து வையுங்கள். டி.என்.ஏ.வைப் பல வருடம் பாதுகாக்கலாம், ஆட்களை அப்படி வைத்திருக்க முடியாது.

ரிப்போர்ட்டில் "தரவுத்தளங்களில் காணப்படவில்லை" என்று இன்னொரு வரி; பலருடைய மரபணுக்களைச் சேர்த்துவைத்த பட்டியல்களில் இந்த மாற்றம் இல்லை என்று அர்த்தம். அந்தத் தரவுத்தளங்களில் பெரும்பகுதி ஐரோப்பிய வம்சாவளியினர். எங்களைப் போன்றவர்களை அதிகம் எண்ணிப் பார்க்காத இடத்தில் காணவில்லை என்றால் அதை எவ்வளவு நம்புவது? ஜீனோம் இந்தியா திட்டத்தில் 10,000 இந்தியர்களின் தரவு 2025 ஜனவரியில் வெளியாகிவிட்டது. பழைய ரிப்போர்ட்டை எடுத்து மறுபடி பார்க்க வேண்டியது யார் வேலை? நாங்கள் போன் செய்தால் "டாக்டர் மூலமாக வாங்க" என்கிறீர்கள், டாக்டர் "லேபில் கேளுங்க" என்கிறார். இதற்கிடையில் தம்பி மகளுக்கு வரன் பேச வந்தவர்கள், ஜீன் கோளாறு உள்ள குடும்பம் என்று யாரோ சொல்லி, எழுந்து போய்விட்டார்கள். எங்களுக்குத் தமிழில் உட்காரவைத்துச் சொல்ல ஓர் ஆள் இருந்திருந்தால், "இன்னும் தெரியாது" என்பதும் "இருக்கிறது" என்பதும் வேறு வேறு என்று நாங்களாவது அவர்களிடம் எடுத்துச் சொல்லியிருப்போம்.

சரி, கோபத்தில் எங்கோ போய்விட்டேன், மன்னிக்கவும். எனக்கும் குதிகாலை ஊன்றி நடக்க வராது என்று போன வாரம்தான் உங்கள் டாக்டர் கண்டுபிடித்தார். அடுத்த மாதம் மகனோடு நானும் தம்பியும் வருகிறோம். நோய் இல்லாத தம்பியின் ரத்தமும் உதவும் என்றார்கள். தயவுசெய்து எங்கள் இருவருக்கும் இரண்டு ஊதா மூடிக் குழாய் எடுத்து வையுங்கள்.

இப்படிக்கு,
ஒரு தாய், கடலூர்