வக்கீல் மகளுக்கு

அன்பு மகளுக்கு,

மதுரையில் நீ தனியாக அலுவலகம் போட்டதை உன் அம்மா தெருவெல்லாம் சொல்லி முடித்துவிட்டாள். "கட்சிக்காரர் யாரும் வரவில்லையே அப்பா" என்று நீ போனில் சலித்துக்கொண்டதை மட்டும் சொல்லவில்லை. சட்டம் எனக்குத் தெரியாது. தேவகோட்டையில் வக்கீல் குமாஸ்தாவாகவே காலத்தை ஓட்டியவன்; உள்ளே கூப்பிடும்வரை காத்திருப்பவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வது எனக்குத் தெரியும்.

விளம்பரத்துக்குப் பார் கவுன்சில் விதி இடம் தராது. வாய்ச்சொல்தான். நம் பக்கத்தில் அது கல்யாணப் பந்தியில் பரவும். அங்கே வாதத் திறமையை யாரும் புகழ்ந்து நான் கேட்டதில்லை. "போனை எடுப்பார், வாய்தா தேதியை அவரே சொல்லிவிடுவார்" என்பார்கள். இப்போது தேதி செல்போனிலேயே தெரிகிறது. இருந்தாலும் நீ முந்திக்கொண்டு சொல்.

ஒரு ஆச்சி, பள்ளத்தூர்ப் பக்கம். பங்காளிகளுக்குப் பொதுவான வளவு வீட்டில் பாகப்பிரிவினை. மஞ்சள் பையில் பத்திரங்களைக் கொண்டுவந்தார். முன்பு பார்த்த வக்கீல் கட்டணப் பாக்கியைச் சொல்லி வழக்குக் கட்டைத் தராமல் இழுத்தடித்தாராம். அப்படிப் பிடித்துவைக்க வக்கீலுக்கு உரிமை இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2000-லேயே சொல்லிவிட்டது. ஆச்சிக்கு அதை யார் சொல்வது? எங்கள் சீனியர் ஒவ்வொரு பத்திரமாகப் பிரித்துப் படித்தார். என்னை வரிசையாக எழுதச் சொல்லி, கையெழுத்திட்டு, பட்டியலை ஆச்சியிடம் கொடுத்தார். பிறகு, "பங்கை விட்டுக்கொடுப்பதாகச் சொல்லும் இந்த விடுதலைப் பத்திரம் உங்களுக்குப் பாதகம்" என்றார். நான் பதறினேன், கட்சிக்காரர் போய்விடுவாரே என்று. ஆச்சியோ, "ஜெயித்துவிடலாம் என்றே கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது, தம்பி" என்று அங்கேயே வக்காலத்தில் கையெழுத்துப் போட்டார். பின்னால் அவருடைய பங்காளிகளே இரண்டு பேர் வேறு வழக்குகளுக்கு எங்களிடம் வந்தார்கள்.

இப்படிப்பட்ட வீடுகளில் பங்குள்ளவர்களில் பாதிப் பேர் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் இருப்பார்கள். பவர் பத்திரம் கேட்கும்போது, அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் கையெழுத்திடுவது முதல், இங்கே வந்து சேர்ந்த 3 மாதத்துக்குள் முத்திரைக் கட்டணம் செலுத்துவது வரை ஒரே கடிதத்தில் எழுதிவிடு. தவணை முறையில் சொல்லும் வக்கீலை அவர்கள் வெறுக்கிறார்கள்.

பணத்தைப் பற்றி நாலு வரி. கோர்ட் கட்டணம் எவ்வளவு, உன் கட்டணம் எவ்வளவு என்று முதல் நாளே தனித்தனியாக எழுதிக் கொடு. வாங்கினால் ரசீது கொடு. "ஜெயித்தால் சொத்தில் ஒரு பங்கு" என்று ஆசை காட்டுபவர்கள் வருவார்கள். அதற்கு விதியிலேயே தடை இருக்கிறது, தலையாட்டிவிடாதே.

குமாஸ்தா தேடுகிறாய் என்று அம்மா சொன்னாள். அவசரப்படாதே. உனக்குத் தெரியாமல் "செலவுக்கு" என்று கட்சிக்காரரிடம் கை நீட்டும் ஆள் வந்தால் கெட்ட பெயர் உனக்குத்தான் வரும். எங்கள் தொழிலில் அப்படிப்பட்டவர்கள் உண்டு. மேலூர்ப் பக்கம் ஒரு பையன் இருக்கிறான். விசாரித்து எழுதுகிறேன்.

அன்புடன்,
அப்பா