அந்த வார்த்தையைத் திரும்பப் பெறுங்கள், ஐயா

மதிப்பிற்குரிய போதகர் ஐயாவுக்கும் சபை மூப்பர்களுக்கும் ஸ்தோத்திரம்.

சென்ற ஞாயிறு ஆராதனையில் வேதாகமத்தின் உபாகமம் 28ஆம் அதிகாரத்தை வாசித்துவிட்டு, நம் பர்மாவில் மாண்டலேயையும் சகைங்கையும் உலுக்கிய நிலநடுக்கம் கர்த்தருடைய கட்டளையை மீறியவர்கள்மேல் வந்த சாபம் என்று பிரசங்கித்தீர்கள். நான்காம் வரிசையில் அக்கா உட்கார்ந்திருந்தார். 2025 மார்ச் 28 அன்று மாண்டலேயில் மகனைப் பறிகொடுத்தவர். அந்தப் பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுத்தவரே நீங்கள்தான்.

மறுநாள் காலை அவர் வீட்டுக்குப் போனேன். அடுப்பு மூட்டவில்லை. இட்லிப் பானை கவிழ்த்தபடி கிடந்தது. மடியில் வேதாகமம், 18ஆம் வசனத்தின் கீழ் விரல். கர்ப்பத்தின் கனி சபிக்கப்பட்டிருக்கும் என்று வருகிற இடம். "தம்பி, நான் எந்தக் கட்டளையை மீறினேன்?" என்று கேட்டார். எனக்கு வாய் எழவில்லை. பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள். அந்த வார்த்தையைத் திரும்பப் பெறுங்கள், ஐயா.

அந்த அதிகாரத்தை நான் மறுக்கவில்லை. ஆசீர்வாதத்துக்கு 14 வசனம், சாபத்துக்கு 54 வசனம். கீழ்ப்படியாமை விளையாட்டுக் காரியம் அல்ல என்பது எனக்கும் தெரியும். ஆனால் உடன்படிக்கைக்குள் நின்ற ஜனத்துக்கு மோசே முன்கூட்டியே கொடுத்த எச்சரிப்பு அது. அதைப் பிணத்தின் முன் தீர்ப்பாக வாசிக்கும் அதிகாரத்தை உங்களுக்கு யார் கொடுத்தார்கள்? சீலோவாமில் கோபுரம் விழுந்து 18 பேர் செத்தபோது, அவர்கள் மற்றவர்களைவிடக் குற்றவாளிகளா என்று இயேசுவே கேட்டு, இல்லை என்றார். மனந்திரும்பச் சொன்னது உயிரோடு நின்று கேட்டுக்கொண்டிருந்தவர்களிடம். பாவம் செய்ததால்தான் உனக்கு இந்தத் துன்பம் என்று யோபுவிடம் அவருடைய சிநேகிதர்களும் உங்களைப் போலத்தான் பேசினார்கள். கடைசியில் கர்த்தருடைய கோபம் அவர்கள்மேல் மூண்டது.

1942இல் ஜப்பானியக் குண்டுக்குத் தப்பி நம் தாத்தா பாட்டிமார் இந்தியாவுக்கு நடந்தார்களே, பசியிலும் காலராவிலும் வழியிலேயே விழுந்தவர்கள் எத்தனை பேர்! அவர்களும் சபிக்கப்பட்டவர்களா?

கட்டளை மீறுதலைப் பேசத்தான் வேண்டுமென்றால், கூலிக்காரனுக்குப் பொழுது சாயும் முன் கூலி கொடு என்று அதே உபாகமம் 24இல் இருக்கிறது. விதவையின் நியாயத்தைப் புரட்டுகிறவன் சபிக்கப்பட்டவன் என்று 27இல் இருக்கிறது. பத்து வருடமாக இந்தச் சபையில் உட்கார்ந்திருக்கிறேன். இந்த இரண்டையும் பீடத்திலிருந்து ஒருநாளும் கேட்டதில்லை. கட்டட வேலைக்குப் போன அந்தப் பிள்ளையின் கடைசி மாதக் கூலி இன்னும் தாய் கைக்கு வரவில்லை, ஐயா. சாபம் என்ற சொல்லை எந்தப் பக்கம் திருப்பியிருக்க வேண்டும்?

கடுமையாக எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்பது ஒன்றுதான். வரும் ஞாயிறு அதே பீடத்தில் நின்று அந்த வார்த்தையைத் திரும்பப் பெறுங்கள். அதற்கு முன் மூப்பர்களோடு ஒருமுறை அக்கா வீட்டுக்கு வாருங்கள். அவர் இப்போது இட்லிக் கடை போடுவதில்லை. எந்த நேரம் வந்தாலும் வீட்டில்தான் இருப்பார்.

இப்படிக்கு,
உங்கள் சபையின் அங்கத்தினன்
ரங்கூன்